வாசகர் கேள்வி – பதில்: சாவியைக் கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

வாடகை வீடுகளைப் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு உரிமையாளர்கள் எழுதியவை. அவர்களில் பத்துப் பதினைந்து வீடு வைத்திருப்பவர்கள் மிகவும் குறைவு. மாடியில் ஒரு போர்ஷனை விட்டு, அந்த வாடகையில் மருந்துச் செலவையும் மளிகைச் செலவையும் சமாளிப்பவர்களே அதிகம். அவர்கள் செய்யும் தவறுகள் பேராசையால் வருபவை அல்ல, பழக்கத்தால் வருபவை என்பது என் எண்ணம். ஆகவே, இடம் கருதிச் சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாடிப் போர்ஷனை மாதம் 14,000 ரூபாய் வாடகைக்கும் 1,40,000 ரூபாய் அட்வான்சுக்கும் விட்டிருந்தேன். நான்கு ஆண்டுகள் குடியிருந்தவர்கள் இப்போது காலி செய்துவிட்டார்கள். சுவர் முழுக்க ஆணித் துளைகள், குழந்தை கிறுக்கிய கோடுகள். பெயின்ட் அடிக்க 35,000 ரூபாய் ஆகும் என்று பெயின்டர் சொன்னதால் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னேன், ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அந்த மீதிப் பணமும் முழுதாக என்னிடம் இல்லை. மகள் திருமணத்தில் செலவாகிவிட்டது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. பெரியது இரண்டாவதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அட்வான்ஸ் உங்கள் வருமானம் அல்ல. அது அவர்களுடைய பணம். உங்களிடம் பாதுகாப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்கும் பழக்கம் பல காலமாக இருப்பதால், அவ்வளவு பெரிய தொகை ஒரே நாளில் கைக்கு வரும்போது அதைச் சொந்தப் பணமாகவே மனம் எண்ணிவிடுகிறது. அடுத்து வருபவரின் அட்வான்சை வாங்கித்தான் முந்தியவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நிலைக்குப் பெரும்பாலான வீடுகள் வந்துவிட்டன. அடுத்தவர் வர இரண்டு மாதம் தாமதமானால் போனவர் இரண்டு மாதம் அலைகிறார். அவரோ புது வீட்டுக்கு வேறு இடத்தில் கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டியிருப்பார்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று மாத அட்வான்ஸ் வாங்குபவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சுமையும் மூன்று மாதம்தான் என்பதால், அது உங்களுக்குமே நல்லது. வாங்கிய தொகையை அன்றைக்கே வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, ரசீதை வாடகை ஒப்பந்தத்தோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள். வட்டி உங்களுக்கு, அசல் அவர்களுக்கு.

இப்போது பெயின்ட் செலவுக்கு வருகிறேன். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவது, கட்டடத்தின் கட்டுமானப் பழுதுகள் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்சு, பிளக் பாயின்ட், கழிப்பறை மற்றும் வாஷ்பேசின் பழுது, கீஸர், கதவுப் பூட்டு, கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. நான்கு ஆண்டுகள் மனிதர்கள் புழங்கிய சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். அதை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. குழந்தையின் கிறுக்கல்களையும் தேய்மானத்தோடு சேர்த்துவிடவே நான் சொல்வேன். ஆனால் டிரில் போட்டு டைல்ஸ் உடைந்திருந்தாலோ, அலமாரிக் கதவு பெயர்ந்திருந்தாலோ அதற்கான செலவைத் தாராளமாகக் கேட்கலாம்.

அதற்கு, அந்தக் கதவு முன்பு நன்றாக இருந்தது என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. காலி செய்யும் நாளில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி, குடிவந்த நாளில் செய்யத் தவறிய ஒரு வேலையால் வருபவை. எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனை விடும்போது நான் ஒரு வரிநோட்டை எடுத்துக்கொண்டு, குடிவருபவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஓர் அறை விடாமல் நடப்பேன். விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம், எல்லாக் குழாய்களையும் திறந்து மூடுவோம், கழிப்பறையில் ஃபிளஷ் செய்து தொட்டி மறுபடி நிரம்பும்வரை நிற்போம். "சமையல் மேடை, அடுப்பு வைக்கும் இடத்துக்கு வலப்பக்கம், விரல் நீள விரிசல்; ஏற்கனவே உள்ளது" என்று சென்ற முறை எழுதியிருந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த விரிசலைப் பார்த்து நானே புதிது என்று நினைத்துவிட்டேன். நோட்டைப் புரட்டிய பிறகுதான் நினைவு வந்தது. நோட்டு இல்லாதிருந்தால், பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல் ஒரு நல்ல குடும்பத்திடம் பொய் சொல்லியிருப்பேன். எழுதி முடித்ததும் இருவரும் கையெழுத்திட்டு, மீட்டர் அளவையும் குறித்து, கைபேசியில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டால், முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அவர்களை நேரில் அழைத்துப் பெயின்ட் பிடித்தத்தைக் கைவிடுவதாகச் சொல்வது. பணம் முழுதாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லி, கையிலிருப்பதை இன்றே கொடுத்து, மீதிக்குத் தேதி குறித்து எழுதிக் கொடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தாலும், வாயால் சொன்ன கெடுவைவிட எழுதிய தேதியை மனிதர்கள் நம்புவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எப்போதும் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்குத்தான் எழுதுவோம். இப்போதிருப்பவருக்கு முதல் ஆண்டு எழுதியதோடு சரி, பிறகு புதுப்பிக்கவில்லை. இது போதுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: போதாது. ஓராண்டுக்கு மேல் செல்லும் குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்கத்தான் 11 மாத வழக்கம் வந்தது. ஆனால் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பொறுப்பில் இருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். இதற்கென அரசு இணையதளம் இருப்பதால், விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம். பதிவு செய்யாமல் வைத்திருந்துவிட்டு, தகராறு வந்தபின் அந்தச் சட்டத்தின் துணையைத் தேடுபவர்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை, தேதி, அட்வான்ஸ் மட்டும் இருந்தால் பயனில்லை. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை உயரும், பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா தனியா, காலி செய்ய எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், வண்டி எங்கே நிறுத்துவது ஆகியவை அதில் இருக்கட்டும். வாடகை ரொக்கமாக வந்தாலும் மாதந்தோறும் ரசீது கொடுத்துவிடுங்கள். அது உங்களுக்கும் சாட்சி.

கேள்வி: குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை. கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறார். "பியூஸைப் பிடுங்கு, தண்ணி மோட்டாரை நிறுத்து, தானாகக் கிளம்புவான்" என்கிறார் என் தம்பி. செய்யலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செய்யவே கூடாது. உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் முழுவதும், அந்த பியூஸ் கேரியரைப் பிடுங்கிய நிமிடத்தில் எதிர்ப்பக்கம் போய்விடும். குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் துண்டிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. துண்டித்தால், குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் முறையிட்டுத் திரும்பப் பெறலாம், துண்டித்தவர் அபராதமும் கட்ட நேரும். பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது, சாமானை வெளியே எடுத்து வைப்பது ஆகியவற்றுக்கும் இதுவே பதில். அந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கும் பெரியவரும் இருக்கக்கூடும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, கேட்டு அறிவிப்பு அனுப்பிய பிறகும் கொடுக்காவிட்டால், அதை வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணமாக வாடகை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். அதனால் எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று தெளிவாக எழுதி, வழக்கறிஞர் வழியாகவோ நீங்களாகவோ ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

நோட்டீசுக்கு முன் ஒரு முறை நேரில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்றும் சொல்வேன். வேலை போனதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு "அடுத்த வாரம்" என்பவர்கள் பலர். அப்படியானால், பாக்கியின் ஒரு பகுதியை அட்வான்சில் கழித்துக்கொண்டு குறிப்பிட்ட தேதியில் காலி செய்வதாக அவரிடம் எழுதி வாங்குவது, வழக்கைவிடச் சீக்கிரம் முடியும். இதில் உரிமையாளர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் மாதம் தவறியபோது தாட்சண்யத்தால் வாய் திறக்காமல் இருந்துவிட்டு நான்காம் மாதம் கோபத்தோடு கிளம்புவது.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலியில் உள்ள வீட்டு வாடகையைச் சித்தப்பா வாங்கி வைக்கிறார். வரி விஷயத்தில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர்

பதில்: கட்டாயம் கவனிக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் வரி பிடித்தம் செய்தே தர வேண்டும். விகிதம் 30 சதவீதம், செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம். உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் குடியிருக்கும் தனிநபர் பிடிக்க வேண்டும். அந்த விகிதமும் அக்டோபர் 2024 முதல் 2 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்த வேறுபாடு தெரியாமல் சித்தப்பா கையில் முழு வாடகையையும் கொடுத்துவரும் குடியிருப்பாளர், பின்னாளில் உங்களால் வருமான வரித்துறைக்குப் பதில் சொல்ல நேரும். ஆகவே முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் மொத்த இந்திய வருமானம் குறைவு என்றால், குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது கணக்குத் தாக்கல் செய்து அதிகம் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். ஆண்டு வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்த பிறகே வருமானம் கணக்கிடப்படும் என்பதால், தாக்கல் செய்பவருக்குப் பெரும்பாலும் ஏதாவது திரும்பக் கிடைக்கும்.

வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்துக்கென வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) நேராக வரட்டும். சித்தப்பா ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமானால், அதற்கான அதிகாரப் பத்திரத்தை முறையாக எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பணக் கணக்கைச் சித்தப்பாவிடமிருந்து எடுத்துவிட்டால், உறவு கெடாமல் இருக்கவும் அது உதவும்.

கேள்வி: ஒரே குடும்பம் 13 ஆண்டுகளாக எங்கள் வீட்டில் குடியிருக்கிறது. 12 ஆண்டு தாண்டினால் வீடு அவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆகாது. உங்கள் அனுமதியோடு வாடகை கொடுத்துக் குடியிருப்பவர், எத்தனை ஆண்டானாலும் வாடகைதாரர்தான். உங்களை உரிமையாளராக ஒப்புக்கொண்டுதானே வாடகை தருகிறார். ஆனால் குடித்தனம் முறைப்படி முடிவுக்கு வந்த பிறகும் அவர் வெளியேறவில்லை என்றால், அந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் நீங்கள் வழக்குப் போட வேண்டும் என்று காலவரையறைச் சட்டம் சொல்வதையும் மறக்க வேண்டாம். இந்தப் பயத்துக்காகவே நல்ல குடும்பங்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு மாத வாடகையையும் தரகுக் கட்டணத்தையும் இழந்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரே மின் இணைப்பில் மூன்று போர்ஷன்கள். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறேன். குடியிருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும். மூன்று குடும்பங்களும் ஒரே மீட்டரில் இருப்பதால் இலவசம் ஒன்றாகச் சுருங்கி, விலை மேல்படிக்கு ஏறுகிறது. தனித்தனிச் சமையலறையோடு தனித்தனிக் குடும்பங்கள் இருப்பதைக் காட்டி, தனி இணைப்புகளுக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். அதுவரை, வந்த பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துக் கிடைக்கும் விலையை மட்டும் வாங்குங்கள். பில்லையும் மூன்று சப்மீட்டர்களின் படத்தையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மின்சாரத்தை விற்று இலாபம் பார்ப்பது உங்கள் வேலை அல்ல.

கேள்வி: வீட்டுத் தரகர், "எந்த ஆட்களுக்கு விடுவீர்கள்?" என்று முதலில் கேட்கிறார். சைவமா, எந்தச் சமூகம் என்று பார்த்துத்தான் இதுவரை விட்டோம். ஆனாலும் சென்ற முறை ஏமாந்துவிட்டோம்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஏமாந்ததற்குக் காரணமே அந்தக் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எந்தத் தெருவில் பிறந்தார் என்பது, ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பதற்குப் பதில் சொல்லாது. அதைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நிம்மதி வந்துவிடுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அடையாள ஆவணத்தின் நகல், வேலை பார்க்கும் இடம், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எண் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். மூன்றாவதை வாங்கி வைத்துக்கொள்ளாமல், கூப்பிட்டுப் பேசுங்கள்: "வாடகை சரியாகக் கொடுத்தாரா, ஏன் காலி செய்தார், அட்வான்ஸ் தீர்த்துவிட்டீர்களா?" ஐந்து நிமிடத்தில் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். குடிவந்த பிறகு அவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.

சமூகத்தைக் கேட்டு வீடு மறுப்பது தவறு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கையில் குழந்தையோடு வெயிலில் பத்து வீடு ஏறி, பத்து வாசலிலும் அதே கேள்வியைக் கேட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: குடியிருப்பவர்கள் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். லாரி வர நான்கு நாளாகும் என்கிறார்கள். தெரிந்த ஓர் ஆள், 2,000 ரூபாய் கொடுத்தால் உள்ளே இறங்கி இன்றே சுத்தம் செய்வதாகச் சொல்கிறார். இந்தச் செலவு யாருடையது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: செலவைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்த ஆளை இறங்க விடாதீர்கள். மனிதரைச் செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இறக்கும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். மூடியைத் திறந்து சிறிது நேரம் விட்டால் போதும் என்று சொல்வார்கள். கசடு கலங்கும்போது உள்ளே புதைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு திடீரென வெளியேறும். அதிக அளவில் அந்த வாயு மூக்கின் மணம் அறியும் திறனையே மழுங்கடித்துவிடுவதால், உள்ளே இருப்பவருக்கு ஆபத்து தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடுகிறது. அவரைத் தூக்க இறங்குபவரும் சேர்ந்து இறக்கும் செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! இப்படி இறப்பவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. போன உயிருக்கு அது ஈடாகாது.

லாரிக்குப் பதிவு செய்துவிட்டு, நான்கு நாளும் குளிக்கும் தண்ணீரையாவது குறைத்துப் பயன்படுத்தும்படி குடியிருப்பவர்களிடம் வேண்டிக்கொள்ளுங்கள். மிகவும் முடியாவிட்டால், உங்கள் வீட்டுக் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். டேங்க் நிரம்பி வழிவது வீட்டின் அமைப்பைச் சேர்ந்த விஷயம் என்பதால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, லாரிச் செலவை உரிமையாளர் ஏற்பதே முறை. லாரி வந்து போகும் அன்றே, டேங்க் மூடியும் தண்ணீர்ச் சம்ப்பின் மூடியும் சரியாகப் பொருந்துகின்றனவா, ஒரு குழந்தை மேலே ஏறி நின்றால் தாங்குமா என்று நீங்களே கையால் அசைத்துப் பாருங்கள். துருப்பிடித்த தகரம் மூடியாக இருந்தால், அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.